புண் முதலில், கிருமி பிறகு
கூண்டு மீன்களின் தோல் நோய் பற்றி ஒரு பாடம்



நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் மனுக்களில் ஆடு வாங்க, தையல் மெஷின் வாங்க, பெட்டிக்கடை வைக்க என்பவை பழக்கமானவை. இப்போது கடலில் கூண்டு போட்டு மீன் வளர்க்க உதவி கேட்பவர்களும் வருகிறார்கள். சங்கு குளித்தும், வள்ளத்துக்குப் போயும் பிழைத்த குடும்பங்கள் புதிய தொழிலைத் தேடுவது நல்ல செய்தி. ஆனால் இந்தத் தொழிலில் முதலைக் கரைத்துவிடும் ஆபத்துகளில் முக்கியமானது பாக்டீரியாவால் வரும் தோல் புண் நோய். அது எப்படி வருகிறது என்று தெரிந்தவர் பெரும்பாலும் அதைத் தடுத்துவிடலாம். தெரியாதவர் மருந்துக் கடைக்கு ஓடுவார். பணமும் போகும், மீனும் போகும். ஆகவே இந்த இதழின் பாடமாக அதையே எடுத்துக்கொண்டோம்.

கூண்டு மீன் நம் கரைக்கு வந்த விதம்

மன்னார் வளைகுடாவில் கடல் உயிர்களை வளர்த்துப் பார்ப்பது புதிதல்ல. கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. அதன்பின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் முத்துச்சிப்பிக்குள் மணி வைத்து முத்து விளைவிக்கும் முறையில் 1973-இல் வெற்றி கண்டார்கள். அதே நிறுவனத்தின் மண்டபம் நிலையம் 2010 மார்ச்சில் கடல்விரால் மீனை இந்தியாவில் முதன்முறையாகக் கூண்டில் வளர்ந்த தாய்மீன்களிலிருந்து குஞ்சு பொரிக்க வைத்தது. மறு ஆண்டு வெள்ளிப் பொம்பானோ மீனிலும் வெற்றி கிடைத்தது. கொடுவாக் குஞ்சு உற்பத்தியை சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-லேயே செய்து காட்டியிருந்தது.

குஞ்சு கிடைக்கத் தொடங்கிய பிறகு கூண்டுகள் பெருகின. சுமார் 6 மீட்டர் விட்டமுள்ள வட்டச் சட்டம், அதைத் தாங்கும் மிதவைகள், உள்ளே தொங்கும் வலை, கீழே நங்கூரம். இவ்வளவுதான் கூண்டு. கடல்விரால் ஆறேழு மாதத்தில் இரண்டு கிலோவைத் தாண்டும். 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் அறிவிக்கப்பட்டது. மீதியை மீனவர்தான் புரட்ட வேண்டும். நகையை அடகு வைத்துப் புரட்டிய அந்த மீதிப் பணம்தான் நோய் வந்தால் முதலில் போகும்.

மீனின் தோல் செய்யும் வேலை

மீனைக் கையில் பிடித்தால் வழுக்குகிறது. அந்த வழுவழுப்புதான் மீனின் முதல் அரண். மேல்தோல் ஓயாமல் சுரக்கும் அந்தச் சளியில் பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் பொருள்கள் இருக்கின்றன. பழைய சளி கழுவிக்கொண்டு போக, ஒட்டிய கிருமியும் அதோடு போய்விடும்.

செதில் மேலே ஒட்டி வைத்த ஓடு என்று பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. செதில் உள்தோலில் வேர்விட்டிருக்கிறது. அதன் மேல் மெல்லிய மேல்தோல் போர்த்தியிருக்கிறது. ஆகவே ஒரு செதில் பெயர்ந்தால் அந்த இடத்தில் தோலே கிழிந்துவிட்டது என்று பொருள்.

கடல் மீனுக்கு இதில் இன்னொரு கேடும் உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. மீனின் உடல்நீரில் இருப்பது அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. நாரத்தங்காயில் உப்பைத் தூவினால் அதன் நீர் வெளியே வடிவதைப் போல, மீனின் உடல்நீரைக் கடல் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது தோல். தோலில் பெரிய புண் விழுந்த மீன், தீக்காயம் பட்ட மனிதனைப் போல உடல்நீரை இழந்து சோர்கிறது. கிருமி கொல்வதற்கு முன்பே மீன் பாதி தோற்றுவிடுகிறது.

கிருமி எங்கிருந்து வருகிறது?

"பக்கத்துக் கூண்டிலிருந்து வந்தது", "குஞ்சு கொடுத்தவன் ஏமாற்றிவிட்டான்" என்று பேசுவது வழக்கம். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் கிருமி எங்கிருந்தும் வர வேண்டியதில்லை. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சுமார் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை யாருக்கும் தீங்கு செய்யாதவை. அவற்றோடு விப்ரியோ என்ற குடும்பமும் இயல்பாகவே வாழ்கிறது. நல்ல ஆரோக்கியமான மீனின் குடலிலும் தோலிலும்கூட இருக்கிறது. காலரா கிருமியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

கூண்டில் வளரும் கொடுவா, கடல்விரால், களவா மீன்களின் புண்ணிலிருந்து ஆய்வாளர்கள் அடிக்கடி பிரித்தெடுப்பவை விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸ், விப்ரியோ ஹார்வேயி போன்றவை. டெனாசிபாகுலம் மாரிட்டிமம் என்று இன்னொன்று உண்டு. 1970-களில் ஜப்பானில் வளர்ப்பு மீன்குஞ்சுகளில் கவனிக்கப்பட்ட இது வாயையும் வாலையும் அரிக்கும். புண்ணின் மேல் வெளிர்மஞ்சள் படலமாகப் படரும்.

இவை எல்லாம் வாசலில் காத்திருப்பவை. கதவைத் திறந்து விடுவது புண். கடலில் திரியும் மீனுக்கும் காயம் படத்தான் செய்கிறது. அதற்கு இடம் இருக்கிறது. சூடான, கலங்கிய நீரை விட்டு விலகிப் போகலாம். கூண்டு மீனுக்கு அந்த வழி இல்லை. ஆகவே அதன் தோலுக்கு நாமே பொறுப்பாளிகள்.

தோல் கிழிவது எப்படி?

முதல் காரணம் நம் கை. குஞ்சு கொண்டுவரும்போதும், தரம் பிரிக்கும்போதும், எடை போடும்போதும் முடிச்சுள்ள கரடுமுரடான வலையிலும் காய்ந்த கையிலும் மீன் உரசுகிறது. அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துச் சிவப்புத் தெரியும்.

இரண்டாவது நெருக்கடி. இன்னும் நூறு குஞ்சு சேர்த்து விட்டால் இன்னும் நூறு மீன் என்று கணக்குப் போடுகிறோம். நெருக்கத்தில் மீன்கள் ஒன்றையொன்று கடிக்கும். கொடுவாவில் பெரியது சிறியதை விழுங்கவே பார்க்கும். வாலும் துடுப்பும் கிழியும்.

மூன்றாவது ஒட்டுண்ணிகள். மீன் பேன், தோலில் ஒட்டும் தட்டைப்புழு, செவுளிலும் துடுப்படியிலும் தொங்கும் அட்டைப்பூச்சி ஆகியவை கடித்த இடம் எல்லாம் கிருமிக்கு வாசல். அரிப்புத் தாங்காமல் மீன் வலையில் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும், காயம் இரட்டிப்பாகும்.

நான்காவது அழுக்கு வலை. பாசியும் கொட்டலசும் அடைத்த வலையில் நீரோட்டம் குறையும், உள்ளே ஆக்சிஜன் குறையும். கொட்டலசு கத்தியைப் போல மீனைக் கீறும்.

ஐந்தாவது தீனி. மலிவாகக் கிடைக்கும் சாளையை வெயிலில் கிடக்கவிட்டுக் கெட்ட பிறகு போடுகிறோம். கெட்டுப்போனது ஒரு பக்கம் இருக்க, சாளை, நெத்திலி போன்றவற்றில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் பொருள் உண்டு. மாதக்கணக்கில் அதை மட்டுமே பச்சையாகக் கொடுத்தால் மீன் பலவீனப்படும். காயம் ஆறுவதற்கு வேண்டிய வைட்டமின் சி-யை மீனின் உடல் தானே செய்துகொள்வதில்லை. தீனியில்தான் கிடைக்க வேண்டும்.

ஆறாவது கடலின் நிலை. சித்திரை, வைகாசியில் நம் கடல் சூடேறும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளுத்தது அந்தச் சூட்டால்தான். சூட்டில் விப்ரியோ வேகமாகப் பெருகும். அதே சூட்டில் நீரில் ஆக்சிஜன் குறையும். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் அளவுக்கு மீறிப் பெருகியதன் விளைவு அது. காற்றுக் காலத்தில் கூண்டு ஆடி வலை சுருங்கும்போதும் மீன்கள் உரசிக்கொள்ளும். கடலின் நிலையை நாம் மாற்ற முடியாது. அந்த நாட்களில் மீனைக் கையாளாமல் இருக்க முடியும்.

அடையாளங்கள்

தினமும் தீனி போடும் நேரமே சோதிக்கும் நேரம். கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

- முதல் குறி பசியின்மை. மற்றவை மேலே பாய்ந்து வர, சில மட்டும் ஓரத்தில் தனியே நிற்கும்.
- உடல் நிறம் கறுக்கும். சளி மிகுந்தோ வறண்டோ தெரியும்.
- துடுப்படியிலும் வயிற்றிலும் ஆசனவாயைச் சுற்றியும் ரத்தச் சிவப்பு.
- செதில் பெயர்ந்த திட்டுகள்; பிறகு அவையே குழிப் புண்களாகும்.
- வாலும் துடுப்பும் நுனியிலிருந்து அழுகும்.
- கண் மங்கும் அல்லது பிதுங்கும்.

தினம் எத்தனை மீன் இறந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நாள் ஐந்து இறப்பது ஒரு செய்தி. ஐந்து, பத்து, இருபது என்று மூன்று நாள் ஏறினால் அது எச்சரிக்கை. எழுதாதவருக்கு இந்த வேறுபாடு தெரிவதற்குள் கூண்டு காலியாகிவிடும்.

மருந்துப் பொடியை நம்பலாமா?

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் மிகவும் ஏமாறுகிறார்கள். மனிதருக்கான மாத்திரையை இடித்துத் தீனியில் கலப்பதும், பெயர் தெரியாத பொடியைக் கடலில் தூவுவதும் நடக்கிறது. இது பலிக்காமல் போவதற்குக் காரணங்கள் தெளிவாக உள்ளன.

நோயுற்ற மீன் சாப்பிடாது. மருந்து கலந்த தீனியைத் தின்பது நோயில்லாத மீன். நோயாளிக்கு வாங்கிய மருந்தைப் பக்கத்து வீட்டுக்காரர் குடிப்பது போன்றது இது. அடுத்து, ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற மருந்து கடல்நீரிலுள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் கட்டிக்கொண்டு தன் வலிமையை இழக்கிறது. கடலில் தூவியது அலையோடு போகும். மூன்றாவது, அரைகுறை அளவில் மருந்து கண்ட கிருமிகளில் தப்பியவை அதைத் தாங்கப் பழகிவிடும். அந்தத் தாங்கும் தன்மையை ஒரு கிருமி மற்றொன்றுக்குக் கைமாற்றவும் செய்யும். நாளைக்கு நம் குழந்தைக்கு டாக்டர் அதே மருந்தை எழுதும்போது அது வேலை செய்யாமல் போக வழி திறக்கிறோம்.

குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் வகைகளை மீன் வளர்ப்பில் பயன்படுத்த நம் நாட்டில் தடை இருக்கிறது. குளோராம்பெனிக்கால் சிலருக்கு எலும்பு மஜ்ஜையையே பாதித்து ரத்தம் ஊறுவதை நிறுத்தக்கூடியது. இந்த மருந்துகளின் எச்சம் தெரிந்தால் வெளிநாட்டுத் துறைமுகத்தில் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏற்றுமதியை நம்பி வாழும் தூத்துக்குடிக்கு அதன் வலி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

வழி வேறு என்பதற்கு நார்வே நாடு சாட்சி. அங்கே கூண்டுகளில் வளர்க்கும் சால்மன் மீனுக்குக் கொப்புள நோயும் விப்ரியோவும் பெரும் தொல்லையாக இருந்தன. 1987-இல் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 50 டன் ஆண்டிபயாடிக் கொட்டினார்கள். பிறகு குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். கூண்டுகளுக்கு இடைவெளி விட்டார்கள். ஒரு தடவை வளர்த்த இடத்தைச் சில காலம் காலியாக விட்டார்கள். 1990-களின் பிற்பகுதியில் மருந்து ஒரு டன் அளவுக்குச் சுருங்கியது. மீன் உற்பத்தியோ பல மடங்கு பெருகியது.

ஆண்டிபயாடிக்கே கூடாது என்று சொல்லவில்லை. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று சோதித்து, அனுமதிக்கப்பட்ட மருந்தை, உரிய அளவில், உரிய நாட்கள், மீன்வள மருத்துவர் சொல்லிக் கொடுக்கலாம். அதன்பின் அவர் சொல்லும் நாட்கள் கழியும் வரை அந்த மீனை விற்கக் கூடாது.

செய்ய வேண்டியவை

1. புதிய குஞ்சுகளை நேரே பெரிய கூண்டில் விடாமல் இரண்டு வாரம் தனியே வைத்துப் பாருங்கள்.
2. முடிச்சில்லாத வலையைப் பயன்படுத்துங்கள். கையையும் பலகையையும் கடல்நீரில் நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள். முந்திய நாள் தீனியை நிறுத்துங்கள். வேலையை விடியற்காலையில் முடியுங்கள்.
3. வலையைக் காலாகாலத்தில் மாற்றிக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள்.
4. குஞ்சு எண்ணிக்கையை நிபுணர் சொன்ன அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். அளவு வாரியாகப் பிரித்து விடுங்கள்.
5. தீனி மீனை ஐஸில் வையுங்கள். நாற்றம் வந்ததைப் போடாதீர்கள். முடிந்தால் வைட்டமின் சேர்த்த தயாரிப்புத் தீனிக்கு மாறுங்கள்.
6. ஒட்டுண்ணி தெரிந்தால் நன்னீர்க் குளியல் உதவும். கொடுவாவும் கடல்விராலும் காற்றோட்டமுள்ள நன்னீரில் சில நிமிடம் தாங்கும். கடல் ஒட்டுண்ணி தாங்காது. முதல் முறை தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு, சில மீன்களில் மட்டும் செய்து பாருங்கள்.
7. செத்த மீனைத் தினமும் எடுங்கள். கடலிலேயே வீசாமல், கரைக்குக் கொண்டுவந்து சுண்ணாம்பு இட்டுப் புதையுங்கள். நோய்க் கூண்டில் பயன்படுத்திய கைவலையை அடுத்த கூண்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.
8. சோதனைக்கு அழுகிய மீன் உதவாது. உயிருள்ள அல்லது அப்போதுதான் செத்த மீனைச் சுத்தமான பாலிதீன் பையில், சுற்றிலும் ஐஸ் வைத்து அன்றே கொண்டு போங்கள். இறப்புக் கணக்கு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி, மண்டபம் அலுவலகங்களிலும், மீன்வளத் துறையிலும் வழி கேட்கலாம்.

நம் கைக்கும் இதே பாடம்

மீனுக்குச் சொன்னது மனிதத் தோலுக்கும் பொருந்தும். மீன் நறுக்கும் பெண்கள், வலை பழுது பார்ப்போர், சங்கு குளிப்போர், வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்போர் அனைவரும் கவனிக்க வேண்டும்.

விப்ரியோ வல்னிபிகஸ் என்ற கிருமி காயத்தின் வழியே புகுந்தால் ஒரே நாளில் கை வீங்கிக் கடுமையாக வலிக்கும், காய்ச்சல் வரும், கருநீலக் கொப்புளங்கள் தோன்றலாம். ஈரல் நோயாளிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது உயிராபத்து. விடியட்டும் என்று காத்திராமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மைக்கோபாக்டீரியம் மாரினம் இதற்கு நேர்மாறாக மெதுவானது. 1926-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன் காட்சியகத்தில் செத்த கடல் மீன்களில் இதை அடையாளம் கண்டார்கள். காசநோய்க் கிருமியின் உறவு. உடம்பின் உட்சூடு இதற்கு ஒத்துவராது. சுமார் 30 டிகிரியில் நன்கு வளரும் என்பதால் சூடு குறைந்த கைவிரல்களில் தங்கும். முள் குத்திய இடத்தில் சில வாரம் கழித்து வலியில்லாத கட்டி எழும்பி, ஆறாத புண்ணாகும். சில நேரம் கை நெடுக வரிசையாகக் கட்டிகள் ஏறும். மஞ்சள் பற்றுக்கும் சாதாரண மருந்துக்கும் அடங்காது. மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டால் குணமாகும். டாக்டரிடம் "நான் மீன் வேலை செய்கிறேன்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். அதைச் சொல்லாததால் நோய் தெரியாமல் காலம் போவது உலகெங்கும் நடக்கிறது.

காயமுள்ள கையோடு மீன் வேலை செய்யாதீர்கள். செய்தே தீர வேண்டுமென்றால் ரப்பர் கையுறை போடுங்கள். முள் குத்தினால் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். தொட்டி நீரை மாற்றக் குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள். பச்சை மீன் வெட்டிய பலகையில் வெங்காயம், தக்காளி அரியாதீர்கள்.

விற்கும்போது

புண் விழுந்த மீனின் புண்ணை வெட்டி எறிந்துவிட்டு, துண்டுகளாக்கி விற்கும் ஆசை வரும். கடன் தலைக்கு மேல் இருக்கும்போது அந்த ஆசை பெரிதாகத் தெரியும். தானியக் குவியலுக்குள் கைவிட்டு அடியிலிருந்த ஈரத்தை வெளியே கொண்டுவந்து வியாபாரியைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சம்பவத்தை நம் பிள்ளைகள் மதரஸாவில் படிக்கிறார்கள். கடல் மீன் நமக்கு ஹலால். அதில் குறையை மறைத்துப் பெறும் காசின் நிலை வேறு. மருந்து போட்டு நாள் கழியாத மீனை வாங்குபவருக்குச் சொல்லாமல் கொடுப்பதும் அந்த ஈரத்தை மறைப்பதுதான்.

குடும்பத்தோடு சிந்திக்க

கூண்டு போட எண்ணுபவர்களும், ஏற்கெனவே போட்டவர்களும் வீட்டில் உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

- நம் மீனின் தோல் எந்தெந்த வேலையில் உரசுகிறது? அதை எப்படிக் குறைக்கலாம்?
- இறப்புக் கணக்கு எழுதப் போவது யார்? படிக்கும் பிள்ளைகளில் ஒருவர் எழுதலாமே.
- முதல் புண்ணைக் கண்ட அன்று யாருக்குப் போன் செய்வோம்? அந்த நம்பர் கையில் இருக்கிறதா?
- ஒரு தடவை கூண்டு முழுவதும் போய்விட்டால் குடும்பம் தாங்குமா? தாங்காதென்றால் குஞ்சு எண்ணிக்கையைக் குறைத்துத் தொடங்கலாமா?

இந்த விடைகளை ஒரு தாளில் எழுதிக் கடன் மனுவோடு கொண்டு வாருங்கள். மனுவைப் பார்ப்பவர்களுக்கு அது உதவும். அதைவிட உங்களுக்கே உதவும். கொடுக்கும் பணம் பலர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அது ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தித் திரும்பி வந்தால்தான் அடுத்த குடும்பத்துக்குப் போகும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்